தூரமும் நேரமும் – 9: எஸ்பெராந்தோவில் முடங்கிய காற்று

நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சுமார் 5,540 கி.மீ. உருண்டையின் மேல் குறுக்குவழி எப்படி வளைந்து போகிறது என்ற கணக்கு போன வாரமே முடிந்தது. போனாலும் வந்தாலும் தூரம் அதேதான். அட்டவணையோ லண்டனுக்குப் போக ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்பிவர 8 என்கிறது. பூமி சுழல்வதால் லண்டன் எதிரே ஓடி வருகிறது, விலகிப் போகிறது என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அந்த விளக்கம் நிற்காது. வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம்: வடதுருவக் குளிர்காற்றும் தெற்கின் வெப்பக்காற்றும் சந்திக்கும் இடத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம்.

இதை முறையாக அளந்து பதிவு செய்த முன்னோடி வசபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தெனோ வானாய்வகத்தின் முதல் இயக்குநர். அவருடைய கருவிகள் ஒரு பலூனும் ஒரு தியோடலைட்டும்தான். பலூன் சீரான வேகத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டு, தியோடலைட்டின் தொலைநோக்கியில் அதைப் பின்தொடர்ந்து, திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் குறித்துக்கொண்டே வந்தால் எந்த உயரத்தில் காற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1920களில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்கள் பறந்தன. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று முடிவுகளை 1926இல் எஸ்பெராந்தோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோ மீது குண்டு போட உயரத்தில் பறந்து வந்த அமெரிக்க பி-29 விமானங்களை அந்தக் காற்று நிலைகுலைய வைத்தது. அதே காற்றில் ஜப்பான் ஒன்பதாயிரத்துக்கு மேல் பலூன் குண்டுகளை அமெரிக்காவை நோக்கி அனுப்பியது. பலூன் உறை காகிதம். ஒட்டிய பசை கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவு, ஜப்பானியர் சமைத்துச் சாப்பிடுவது.

கணக்குக்கு வந்தால், காற்றில் மணிக்கு 900 கி.மீ. போகும் விமானம் காற்றே இல்லாவிட்டால் இத்தூரத்தை 6 மணி 9 நிமிடத்தில் கடக்கும். பின்னாலிருந்து 200 கி.மீ. காற்று தள்ளினால் 5 மணி 2 நிமிடம். அதே காற்று எதிர்த்தால் 7 மணி 55 நிமிடம். போகையில் மிச்சம் 67 நிமிடம், வருகையில் நஷ்டம் 106. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் கடன்காரன்தான்.

2020 பிப்ரவரியில் புயல் ஒன்று இந்த ஓட்டத்தை முடுக்கிவிட்டபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோவில் இறங்கியது. ஒரு கட்டத்தில் தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை அது முந்திவிடவில்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகம்தான்.

ஆகவே அட்லாண்டிக் மேல் நிலையான பாதை கிடையாது. அன்றன்றைய காற்றைப் பார்த்து, கிழக்கே போகிறவை ஓட்டத்தில் ஏறிக்கொள்ளவும் மேற்கே போகிறவை அதற்கு ஒதுங்கிப் போகவும் தடங்கள் வகுக்கப்படுகின்றன. ஒதுங்கும் விமானம் 5,540ஐவிடக் கூடுதல் தூரம் பறந்து சீக்கிரம் சேர்கிறது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரத்தில், விமானம் தரையில் ஊர்ந்து வரிசையில் நிற்பதும் அடங்கும். இந்த வாரம் வரவேண்டிய அந்தப் பங்கு, பலூன்களால் அடுத்த வாரத்துக்குப் போகிறது.