பிடிபட்ட ட்ரோனை ஒரகடத்தில் நகலெடுக்கலாமா?

2030-க்குள் இந்தியா உலக ட்ரோன் மையமாகிவிடும் என்று மத்திய அரசு கெடு வைத்திருக்கிறது. இதற்கிடையே வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மே 2025 மோதலில் பாகிஸ்தான் ஏவிய ட்ரோன்களில் சில ஏறக்குறைய முழுசாகவே கிடைத்ததாக முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் அதே ஆண்டு ஜூலையில் சொன்னாரே, அவற்றைப் பிரித்துப் பார்த்து ஒரகடத்திலேயே செய்தால் என்ன? ஈரான் செய்யவில்லையா?

ஈரான் செய்தது என்ன?

2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்க்யூ-170 உளவு ட்ரோன் ஈரானிடம் சிக்கியது. ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி இறக்கினோம் என்றது ஈரான். கோளாறில் விழுந்தது என்றது அமெரிக்கா. இரண்டுமே அவரவர் மானத்தைக் காக்கும் விளக்கங்கள். 2014 மே மாதம் ஈரான் நகலைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 2018 பிப்ரவரி 10 அன்று தன் வான்வெளிக்குள் நுழைந்த ஈரானிய ட்ரோனைச் சுட்டு வீழ்த்திய இஸ்ரேல், அது ஆர்க்யூ-170 வழிவந்தது என்றது. ஆக, வடிவம் பறந்தது. உள்ளே இருந்த மூளையும் அசலுக்கு நிகரா என்பதற்கு ஈரானின் வாய்ச்சொல்தான் சாட்சி.

சிக்கல் எங்கே?

உடலில் இல்லை. ஸ்கேனரில் அளவெடுத்து, மோல்டு போட்டு, இறக்கை வார்ப்பது கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து பழகிய ஒரகடம் வேன்டர்களுக்குப் பெரிய வித்தை அல்ல. சிக்கல், விரல் நகமளவு சிப்பில்.

சிறு ட்ரோன்களின் பறப்பைக் கட்டுப்படுத்தும் ஃபிளைட் கண்ட்ரோலர் போர்டில் பரவலாக இருக்கும் எஸ்டிஎம்32 வகை சிப்பைப் பாருங்கள். உள்ளிருக்கும் நிரலை வெளியே படிக்க முடியாதபடி தயாரிப்பாளர் பூட்டலாம். முதல் நிலைப் பூட்டைத் திறக்கச் சொன்னால் சிப் திறக்கும். ஆனால் அதற்குமுன் நிரல் முழுவதையும் அழித்துவிடும். திருடன் கைவைத்ததும் பத்திரத்தைக் கொளுத்திவிடும் இரும்புப் பெட்டி மாதிரி. அடுத்த நிலைப் பூட்டை, போட்டவராலேயே எடுக்க முடியாது. கெட்டிக்காரர்கள் மின்னழுத்தத்தைக் கணநேரம் தடுமாறவைத்து உடைத்ததுண்டு. அப்போதும் கிடைப்பது இயந்திர மொழி. எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்பது அதில் இராது.

உறுத்துவது இதுதான்: எதிரியிடம் பிடித்த போர்டும், பூட்டிய நிரலோடு காசு கொடுத்து வாங்கிய போர்டும் நமக்கு ஒன்றே. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதியைத் தடுத்த அரசு, உதிரிபாகங்களுக்கு வாசலைத் திறந்தே வைத்தது. ராணுவக் கொள்முதலில் முதல் முன்னுரிமை பெறும் ‘உள்நாட்டு வடிவமைப்பு’ப் பிரிவுக்கும் 50 சதவீத உள்நாட்டுப் பங்கு இருந்தால் போதும் என்றன 2020 கொள்முதல் விதிகள். அது விலைக் கணக்கு. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. 2025 தொடக்கத்தில், சீனப் பாகங்களைக் காரணம் காட்டி 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது.

ஒரகடத்துக்கு அருகே வல்லம் வடகாலில் சுமார் 45 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் சோதனை மையம் உதவுமா? பறக்குமா, தாங்குமா என்று சொல்லும். நிரலின் பூர்வீகத்தைத் துருவுவது தனி வேலை.

நகலெடுப்பது சட்டவிரோதமா? போர்க்களத்தில் பிடிபட்ட எதிரி அரசின் தளவாடம், பிடித்த அரசுக்கே சொந்தம்.

பிடித்ததில் பயனே இல்லையா? உண்டு, எந்த அலைவரிசையில் பேசியது என்று தெரிந்தால் அடுத்ததை முடக்கலாம்.

‘சுதேசி ட்ரோன்’ என்று அறிவித்தால் என்ன கேட்பது? மூல நிரல் யார் கையில் என்று.