சித்திரவதைக்குப் பணியாத நர்ஸ்

பங்காருபாளையத்தில் எங்கள் வீட்டில் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த தாத்தா ஒருவர் இருந்தார். 'ஜப்பான்காரன் காலம்' என்று யாராவது எடுத்தால் போதும், வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். அவர் சொல்லாமல் விட்டதில் கொஞ்சமாவது எனக்குப் புரிந்தது சிபில் கார்த்திகேசுவின் புத்தகத்தைப் படித்தபோதுதான்.

சிபில் 1899-ல் சுமத்ராவின் மேதான் நகரில் பிறந்தவர். தந்தை ஐரிஷ் வம்சாவளியில் வந்த தோட்டத் துரை, தாய் மருத்துவச்சி. நர்ஸான சிபில் 1919-ல் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். மலாயாவின் ஈப்போவில் இருவரும் டிஸ்பென்சரி நடத்தினார்கள். சீனர்களுடன் அவர்களது கான்டனீஸ் மொழியிலேயே சரளமாகப் பேசுவார்.

ஜப்பானியப் படை நெருங்கியதும் குடும்பம் பக்கத்திலிருந்த பப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. காட்டிலிருந்த கெரில்லாக்கள் குண்டுக் காயங்களோடு இரவில் வந்தார்கள். அவர்களுக்கு ரகசியமாகச் சிகிச்சை நடந்தது. வீட்டில் ஒளித்து வைத்திருந்த ரேடியோவில் பிபிசி கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ஜோசபின்.

1943-ல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. அடி, தண்ணீர்ச் சித்திரவதை, பிடுங்கப்பட்ட நகங்கள். சின்னஞ்சிறு மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் சிபில் கெரில்லாக்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சித்திரவதைகளை நடத்திய யோஷிமுரா போர் முடிந்த பின் விசாரணையில் மரண தண்டனை பெற்றார்.

முதுகெலும்பு நொறுங்கிய சிபிலை சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1947-ல் அரசர் ஆறாம் ஜார்ஜ் 'ஜார்ஜ் மெடல்' வழங்கினார். அவரது நினைவுக் குறிப்புகள் 1954-ல்தான், அதாவது அவர் இறந்த பிறகுதான், 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் வெளிவந்தன. டிராம் என்பது அந்தக் காலத்து மருந்துக் கடைத் தராசின் சிறு அளவு. 'துளி' என்று மொழிபெயர்த்தால் டிஸ்பென்சரி வாசனை போய்விடுகிறது. வேறு சொல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், ஆனால் புலம்பல் இல்லை. நோயாளியின் நிலையைக் குறித்து வைக்கும் நர்ஸின் தோரணையிலேயே தன் உடம்பைப் பற்றியும் எழுதுகிறார்.

அவர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த கெரில்லாக்கள் கம்யூனிஸ்ட் தலைமையில் போராடியவர்கள். சிபில் 1948 ஜூன் 12-ல் இறந்தார். அதே மாதம் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அவசர நிலையைப் பிரகடனம் செய்து, அதே கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் புதைக்கப்பட்ட அவரது உடல் 1949-ல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.