நெகிழிக்குள் ஒரு மின்பாதை

கார்பன் நானோகுழாயைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது அதன் வலிமையைத்தான். விறைப்பில் எஃகைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. எடையோ மிகக் குறைவு. 1991-இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா இந்தக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்த பிறகு, பிசினில் கொஞ்சம் கலந்தாலே எஃகுக்கு நிகரான நெகிழி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. கேரளத்தில் பிறந்த பி. எம். அஜயனும் அவருடைய சகாக்களும் 1994-லேயே எப்பாக்சிப் பிசினில் அவற்றைப் பதித்துக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் வலிமை எளிதில் கைகூடவில்லை. நானோகுழாய்கள் ஒன்றையொன்று இழுத்து, எண்ணெய் காணாத தலைமுடி போலச் சிக்குப் பிடித்துக்கொள்கின்றன. மீயொலி அதிர்வால் பிரிக்கப் போனால் துண்டு துண்டாக உடைகின்றன. பிரிந்தாலும் அவற்றின் சுவர் வழவழப்பானது; பிசினுக்குப் பிடிமானம் இல்லை. பாரம் ஏறியதும் குழாய் வழுக்கி உருவிக்கொண்டு வருகிறது. பிடிமானத்துக்காகச் சுவரில் வேதித் தொகுதிகளை ஒட்டினால், அந்தச் சுவரே பலவீனப்படுகிறது. அளவைக் கூட்டவும் வழியில்லை. பிசின் கெட்டியாகி அச்சில் ஊற்ற வராது.

மின்சாரத்தின் கணக்கு வேறு. அதற்குக் குழாய்கள் ஒன்றுக்கொன்று தொட்டும் தொடாமலும் நெருங்கி நின்றாலே போதும். தடிமனைவிட நீளம் ஆயிரம் மடங்குவரை இருப்பதால், எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே எப்பாக்சிக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாதை அமைந்துவிடுகிறது. இதே வேலைக்குக் கார்பன் கரித்தூள் பல மடங்கு தேவை. அவ்வளவு தூள் சேர்ந்தால் நெகிழி நொறுங்கத் தொடங்கும்.

காரின் நைலான் எரிபொருள் குழாயில் பெட்ரோல் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. வெளியேற வழியில்லாவிட்டால் பொறி பறக்கும். நானோகுழாய் கலந்த நைலான் அந்த மின்னூட்டத்தை வண்டியின் உலோக உடலுக்குக் கடத்திவிடுகிறது. 2011-இல் வியாழனை நோக்கிக் கிளம்பிய ஜூனோ விண்கலத்திலும் மின்னூட்டத்தை வடியவிட நானோகுழாய்த் தாள் பயன்பட்டது.

ஆனால் ஆலையில் நானோகுழாய்த் தூளைக் கையாளும்போது எச்சரிக்கை மிக அவசியம். நீண்டு விறைத்த சில வகைகள் நுரையீரலுக்குள் போனால் கல்நார் போலக் கேடு செய்யலாம். பிசினுக்குள் இறுகிய பின் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மட்டும் மறுபடி கவனம் வேண்டும்.

இந்த மின்பாதையின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது விரிசலைக் கண்டறிவது. கண்ணாடியிழைக் கலவையின் அடுக்குகளுக்கிடையே மயிரிழை விரிசல் விழுந்தால் வெளியே எதுவும் தெரியாது. பிசினில் நானோகுழாய் இருந்தாலோ, விரிசல் மின்பாதையை அறுக்கிறது, மின்தடை ஏறுகிறது. பாரத்தை இறக்கிய பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால், உள்ளே சேதம் தங்கிவிட்டது என்று பொறியாளர் சந்தேகிக்கலாம்.