கண்ணுக்குத் தெரியாத கணக்கேடு



மாத்தளையினின்று தம்புள்ளை செல்லும் வீதியிலே உள்ளது எமது பலாபத்வல. இங்குள்ள பலசரக்குக் கடைகளிற் கடன் கொப்பி உண்டு. எவர் வீட்டில் எவ்வளவு சீனி செலவாகிறது என்பதைக் கடை முதலாளி அறிவார். அதுபற்றி எவர்க்கும் மனக்குறை இல்லை. கொப்பி மேசைமேலே கிடக்கிறது, கேட்டாற் காட்டுவார், அடுத்த கடைக்கு அதனைக் கொடுப்பதுமில்லை.

இணையத்திலே குக்கீ என வழங்கும் சிறு குறிப்பும் ஆதியில் இத்தகையதே. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டூலி என்பவர் 1994ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். ஒரு பக்கத்தைவிட்டு மறுபக்கம் சென்றதும் வந்தவரை மறந்துவிடும் இணையத்தளத்துக்கு ஞாபகசக்தி அளிப்பதே அவர் நோக்கமாயிருந்தது.

பின்னர் நிகழ்ந்ததே வேறு. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதனுள் விளம்பர நிறுவனமொன்றின் படமும் உடன்வருகிறது. சிலவேளை அப்படம் ஒரு புள்ளியளவே, நிறமுமற்றது. எனினும் அதனை அனுப்பிய நிறுவனம் தன் குக்கீயையும் நம் கருவியில் வைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் புள்ளி ஆயிரந் தளங்களில் இருக்குமாயின், நாம் செல்லுமிடமெல்லாம் ஒரே இலக்கத்தின் கீழ்ப் பதிவாகும். பலாபத்வல முதல் மாத்தளை வரையுள்ள கடைகள், மருந்தகங்கள், வாசிகசாலைகள் அனைத்தின் கொப்பிகளையும் நாமறியாத ஒருவர் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதை இது ஒக்கும். குக்கீயை அழித்தாலும் முற்றாகத் தப்ப இயலாது. திரையின் அளவு, எழுத்துருக்கள் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தே கருவியை இனங்காணும் முறையும் உண்டு.

மறைப்பதற்கு என்னிடம் யாதுளது என்பார் பலர். நானும் அவ்வாறே கூறிவந்தவன். ஓரிரவு எனக்கிருந்த நோய்க்குறி ஒன்றைப்பற்றிக் கைத்தொலைபேசியில் வாசித்தேன். பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் எவரிடமும் சொல்வதில்லை என்றிருந்தேன். மறுநாட் காலை என் மகன் அதே தொலைபேசியை எடுத்தான். அந்நோய்க்கான சிகிச்சை விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. “அப்பா, உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டான். அவனுக்கு எப்போது சொல்வது என்பதை நான் தீர்மானித்திருக்க வேண்டும், விளம்பரக்காரர் தீர்மானித்துவிட்டார்.

பிள்ளைகள் நிலை இன்னும் கவலைக்குரியது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசி வழியே கற்குமாறு நாமே அவர்களைப் பணித்தோம். 2022இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளில் 160க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்க வல்லனவாயிருந்தன என அது கண்டது. இந்திய அரசின் தீக்‌ஷா செயலி, மாணவர் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறியவல்லதாயிருந்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பாடஞ் சொல்லுதற்குப் பிள்ளையின் வீடு எங்குளது என்று அறியவேண்டிய தேவை யாது?

எமது நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பிற்போடப்பட்டன. இதற்கிடையில் நாமே செய்யக்கூடியது சிறிது உண்டு. சஃபாரி உலாவி, பிற நிறுவனக் குக்கீகளை 2020 முதல் தானே தடுக்கிறது. குரோம் உலாவியிலோ அமைப்புகளுட் சென்று, மூன்றாந் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும்படி நாமே குறித்தல் வேண்டும். என் தொலைபேசியில் அதனைச் செய்துதந்தவன் மகனே. அரை நிமிடந்தான் சென்றது.