ஏரிக்கரைக் கல்லுக்கு யார் பொறுப்பு?

தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்தையும் பாடத்தில் நடத்தும்போது, "நம்ம ஏரிக்கரைக் கல்லை யார் சார் பாதுகாப்பாங்க?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நடுகற்கள் மிகுந்த செங்கம் வட்டாரத்தில் பணியாற்றும் எனக்கு இக்கேள்வி புதிதல்ல. பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்கள் பல கிடைத்த பகுதி இது.

விடை சொல்ல, முதலில் சட்டத்தை அறிய வேண்டும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறை காக்கிறது. நாடு முழுவதும் இவை 3,600க்கும் மேல். நம் மாநிலத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தொல்லியல் துறை, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலச் சின்னங்களைப் பராமரிக்கிறது. மூன்றாவது வகை, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவை. நம் ஊர்க் கற்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

பட்டியலில் சேர்வதால் என்ன பயன்? மத்திய அரசின் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பட்டியலில் இல்லாத கல்லுக்கு இந்த வேலி கிடையாது. பக்கத்து ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது ஒரு நடுகல் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விட்டது. அதை நடுகல் என்று சொல்ல எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.

அறிவிப்பு உடனே கிடைத்துவிடாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு முதலில் தன் எண்ணத்தை அறிவித்து, ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் தரும். அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை வெளியாகும். சின்னம் குறைந்தது 100 ஆண்டுகள் பழமையானதாக இருக்க வேண்டும். எல்லாக் கற்களையும் அரசு ஏற்க இயலாது என்பதும் உண்மை. ஆகவே பதிவு செய்வதே நம் முதல் வேலை.

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மாணவர்கள் கல்லின் உயரம், அகலத்தை அளந்தார்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும் சாய்வெயிலில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தோம். கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையையும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் புல எண்ணையும் குறித்தோம். கல்லைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னவற்றைத் தனியாக எழுதினோம். அது செவிவழிச் செய்தி, கல்வெட்டுச் சான்று அல்ல என்பதை மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். இவற்றைத் தொல்லியல் துறைக்கு அனுப்பினோம். கிராம சபையிலும் தீர்மானம் நிறைவேறியது. அறிவிக்கை இன்னும் வரவில்லை. ஆனால் கரையைப் பலப்படுத்தும் வேலைக்கு வந்தவர்களிடம் தீர்மான நகலைக் காட்டியதும், கல்லைத் தொடாமல் ஒதுங்கி வேலை செய்தார்கள்.

சில எச்சரிக்கைகள். எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணாம்போ எண்ணெயோ பூசக்கூடாது. சுற்றிலும் தோண்டக்கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று பள்ளிக்கு எடுத்து வருவதும் தவறு. இடம் மாறினால் கல்லின் வரலாறு பாதி போய்விடும். மைப்படி எடுப்பதைத் துறையினரிடம் விட்டுவிடுவோம். ஊரார் வழிபடும் கல் என்றால் அவர்களிடம் பேசிவிட்டே அளவுநாடாவை எடுக்க வேண்டும்.

நம் பாரம்பரியத்தைப் பேணுவது குடிமக்களின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51அ பிரிவு. ஏப்ரல் 18 உலக மரபு நாள். அதற்குள் உங்கள் ஊரில் ஒரு கல்லுக்காவது ஒரு பக்கப் பதிவு எழுதி, ஒரு நகலைப் பள்ளியிலும் மற்றொன்றை ஊராட்சியிலும் வையுங்கள்.