புதையல் தேடப் போவோமா?

ஏப்ரல் விடுமுறை வந்தால் பிள்ளைகள் லயத்து வாசலில் சண்டை பிடிப்பதும் நாம் ஏசுவதும் வழக்கம்தானே. காசு அதிகம் செலவாகாத ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். துண்டுச் சீட்டுகளில் விடுகதை எழுதி தோட்டத்தில் ஆங்காங்கே ஒளித்து வைக்கிறோம். ஒன்றை அவிழ்த்தால்தான் அடுத்த இடம் தெரியும். கடைசி இடத்தில் பரிசு.

விடுகதை நம்ம தோட்டத்திலிருந்தே வரவேணும். "நாக்கை நீட்டிக்கொண்டே நிற்பான், லயமே அவன் எச்சிலைக் குடிக்கும்" என்றால் பீலி. "ஒற்றைக் காலன், நெற்றியில் வயசு எழுதியிருக்கும்" என்றால் நட்ட வருஷம் போட்ட மலைப் பலகை. "நாள் முழுக்கக் கொழுந்து தூக்குவான், ஒன்றும் பறிக்க மாட்டான்" யாரென்று சொல்லத் தேவையில்லை. தராசுதான்!

குழுவுக்கு நாலு பேர், அதில் ஒருவர் பெரிய பிள்ளை. எல்லாக் குழுவுக்கும் ஒரே வரிசை கொடுத்தால் பின்னால் வருபவர்கள் முன்னால் போகிறவர்களைப் பார்த்தே ஓடிவிடுவார்கள். ஆகவே குழுவுக்கு ஒரு நிறச் சீட்டு, வேறு வேறு வரிசை, முடிவு மட்டும் ஒரே இடம். பொம்பளைப் பிள்ளைகளைத் தண்ணி எடுக்க அனுப்பிவிட்டு பையன்களை மட்டும் விடாதீர்கள். தோட்டத்து மூலைமுடுக்கு அவர்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

சீட்டு வைப்பவர் முதல் நாளும் அன்று காலையும் வழி முழுக்க நடந்து பார்க்க வேணும். ஒருமுறை நான் ஒரு மரப்பொந்தில் சீட்டு வைத்தேன். காலையில் போனால், பக்கத்துக் கிளையில் குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் நான் மேலே அண்ணாந்து பார்க்கவே இல்லை. குளவி கொட்டி உயிர் போவது நம்ம மலைகளுக்குப் புதிதல்ல. உயர்ந்த மரம், பாறை இடுக்குப் பக்கம் சீட்டு வைக்கவே கூடாது. குளவி கிளம்பினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்த வேணும். நிறையக் கொட்டு வாங்கியவரையும் மூச்சு வாங்குபவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, அதை விட்டுவிடுங்கள். ஆற்றோரமும் ஆழமான கானும் வேண்டாம். காலில் புண் உள்ள பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும். அட்டைக்குச் சவர்க்காரம் பூசுவது உங்களுக்கே தெரியும்.

ஒன்பது மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் முடியுங்கள், ஏப்ரலில் பின்னேரம் இடி மின்னல். பரிசு கச்சானோ பிஸ்கட்டோ போதும், எல்லாருக்கும் பங்கு. பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, கடைசிப் பிள்ளையும் வந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கணும்.