தலைக்காயமும் ஹிப்னாடிசமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் நமக்குச் சாலை விபத்து புதிய செய்தி அல்ல. இரவு ஷிப்டு முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் இளைஞர்களும் கண்டெய்னர் லாரிகளும் ஒரே சாலையில்தான் செல்கின்றனர். தலையில் அடிபட்டவர் உயிர் பிழைத்து வீடு திரும்பும்போது இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் குடும்பத்தின் போராட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. சற்றுமுன் சொன்னது மறந்துபோகிறது, சிறு சத்தத்திற்கும் கோபம் வருகிறது, தூக்கம் கெடுகிறது. "ஹிப்னாடிசம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைத்தாவது போகத் தோன்றும். போகலாமா?

ஹிப்னாடிசம் மந்திரமும் அல்ல, பில்லிசூனியமும் அல்ல. மனத்தை ஒன்றில் ஆழ்ந்து குவியச் செய்து, பயன்தரும் எண்ணங்களை எடுத்துச் சொல்லும் முறை அது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியபோது, மருத்துவர் உரிய கவனத்தோடு சிகிச்சைக்காக இதைப் பயன்படுத்துவதைத் தவறென்று கூறவில்லை.

வலி, பதற்றம் ஆகியவற்றைத் தணிக்க இது சிலருக்கு உதவுகிறது. மூளைக்காயமுற்ற 68 பேரிடம் டென்மார்க் ஆய்வாளர்கள் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுத்திறன் சோதனைகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இது நம்பிக்கை தரும் தொடக்கமே. எல்லாருக்கும் உறுதியான சிகிச்சை அல்ல. மறந்துபோன விபத்தை இதன் வழியாகத் தோண்டி எடுக்க முயல்வதும் ஆபத்து. நடக்காததும் நினைவாகப் பதிந்துவிடும். எனவே நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் யாரிடமும் செல்ல வேண்டாம். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

நாள்தோறும் பலன் தருவது நம் பராமரிப்பே. அவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்வோம். உணவு, குளியல், ஓய்வு இவற்றுக்கு ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்போம். அன்றைய வேலைகளைச் சுவரில் எழுதி வைப்போம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்போம். அவர் கோபப்பட்டால், அது காயத்தின் விளைவு என்று நினைவில் கொள்வோம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கின்றனர். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

பராமரிப்பவரும் களைத்துப் போகிறார். வெளிமாநிலத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கும் தொழிலாளிக்கோ பராமரிக்கவே ஆளில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் நாம் அமர்ந்தால், அந்தத் தாயோ மனைவியோ சற்று உறங்குவார். நம் பங்கில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று இந்த ஞாயிறே விசாரிப்போம்.